குறியீடு நான்கு

யாஹாத்தா மலைச்சரிவில் கற்றுக்கொண்டேன்
ஒரு வீடு காலி என்பதை எப்படிக் கண்டுகொள்வதென்று.
கதவைத் தட்டக் கூடாது, அது மரியாதையில்லை.
மின்மீட்டரின் தட்டு சுற்றுகிறதா, பார்.
தபால்பெட்டியின் வாயை டேப் ஒட்டி மூடியிருக்கிறார்களா,
புல் எந்த உயரம்,
திரைச்சீலை எத்தனை பருவமாய் அதே மடிப்பில்,
பெயர்ப்பலகை உண்டா.
ஐந்தில் மூன்று பொருந்தினால் குறியீடு நான்கு:
ஆளில்லை.

ஹயாஷிதா சென்செய் வரைபடத்தில் அந்தக் கட்டத்தைச்
சாம்பல் பென்சிலால் நிரப்புவார், கோடு தாண்டாமல்.
கார் ஏறாத சந்துகள். படிக்கட்டே தெருவாக இருக்கும் இடங்கள்.
மூன்று ஆண்டில் சரிவின் பாதி சாம்பலானது.
எனக்கு அதில் முனைவர் பட்டம்.

இப்போது பகாவ்.
அதே படிவம், மலாயில் நானே பெயர்த்தது,
மேலே நகராண்மைக் கழகத்தின் முத்திரை.
தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது
லயத்து ஆட்களுக்கென்று எழுப்பிய மூன்று புளோக்கு,
நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது,
கதவுக்குக் கதவு இரும்புக் கிராதி.
முன்சாலையில் லாரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள்
நசுங்கி, எண்ணெயாகி,
என் ஷூவோடு படியேறி வருகின்றன.

‘பி’ இரண்டாம் மாடி, எட்டாம் எண்.
வாசலில் பதினாறு ஜோடி செருப்பு.
பதிவிலுள்ள உரிமையாளர் சிரம்பானில்.
“இங்கே எத்தனை பேர் தூங்குறீங்க?” என்றேன்.
மரச்சாமான் தொழிற்சாலைச் சட்டையோடு நின்ற ரஃபிக்குல்
“பகலிலா, ராத்திரியிலா?” என்றான்.
படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

மூன்றாம் மாடி, பதினொன்று.
மீட்டர் தட்டு நிற்கிறது.
தபால்பெட்டியில் சாரலில் ஊறிப் புடைத்த கடிதங்கள்.
திரை அசையவில்லை. பெயர் இல்லை.
புல்லைக் கேட்க மூன்றாம் மாடியில் வழியில்லை.
நான்கு என்று எழுதிப் பேனாவை மூடும்போது
உள்ளே ஒரு தம்ளர் விழுந்து உருண்டது.

அவள் பெயர் பவளக்கொடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் பாக்கிக்கு
மின்சாரத்தை வெட்டி ஐந்து மாதம்.
பொழுது சாய்வதற்குள் சமைத்துவிடுவாள்.
கைப்பேசிக்குச் சார்ஜ், ரஃபிக்குல் வீட்டில்,
சனிக்கிழமை சனிக்கிழமை.
“என்னா எழுதுன?”
காட்டினேன்.
“நாலுன்னா?”
“ஆளில்லை.”
சிரித்தாள். “அப்படியே இருக்கட்டும்மா.
ஆளில்லேன்னா பில்லு கேக்க மாட்டானுங்க.”

மூன்றில் ஒரு பங்கு நான்கானால்
புளோக்கு இடிப்புப் பட்டியலில் ஏறும் என்று சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது. விதி அது.
கிராதியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.
“இன்னும் எத்தனை நாலு வேணும்?” என்றாள்.

யாஹாத்தாவில் ஒரு வீடு.
மழை விட்டு அரை மணி நேரம்.
ஐந்துக்கு ஐந்தும் பொருந்தின.
கதவோரம் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது.
அதன் நுனியிலிருந்து சொட்டிய நீர்
சிமெண்டில் காசளவு வட்டமாகி, பெரிதாகிக்கொண்டிருந்தது.
குடை பற்றிப் படிவத்தில் கேள்வியில்லை.
கட்டத்தை நிரப்பியது சென்செய் அல்ல, நான்.
ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இன்னும் சாம்பலாக இருக்கிறது.

பதினொன்றில் நான்கை அடிக்கவில்லை.
அடிக்காமலும் வர முடியவில்லை.
ஓரத்தில், எந்தக் கோட்டுக்கும் சேராத இடத்தில்,
தம்ளர் என்று எழுதிவைத்தேன்.

திங்கட்கிழமை, கணினியில் ஏற்றுகிற ஃபரீடா
தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.
இந்த எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது.
“இது எந்தக் கட்டத்தில் போகணும்?” என்றாள்.
அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்
தாளோடு நின்றார்கள்.