சூடேறாத சில்லு

பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும்.
கல்முனைக்குப் போகையில் கடலைப் பார்த்து,
திரும்பி வருகையில் வாவியைப் பார்த்து.
மூன்று மாதமாகச் சுக்கானை
வலப்பக்கம் அரைப்பிடி கூட்டிப் பிடித்ததில்
தோள்மூட்டில் ஒரு நோவு.

இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத்தில்தானே பிழை?
முதலில் இட டயரை மாற்றினேன்.
மறுகா மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்
எலைன்மென்ட் பார்த்தேன்.
தாளில் எல்லா இலக்கமும் பச்சை.
வெளியே வந்து முதல் சந்தியில்
ஓர் ஆட்டுக்காக மிதிக்க,
கார் வடிகானைப் பார்த்துத் தலையைத் திருப்பியது.

களுவாஞ்சிக்குடியில்
கிருபைராசாவின் கராச்சுக்குப் பெயர்ப்பலகை இல்லை,
வேப்பங்கிளையில் தொங்கும் சைலன்சர்தான் அடையாளம்.
அவன் பொனட்டைத் திறக்கவில்லை.
"டொக்டர், நீங்க இருங்க" என்று
சாவியை வாங்கித் தனியே ஓட்டிப் போனான்.
கடற்கரை வீதியில் பிரேக் கத்துவது கேட்டது.
எண்ணினேன், எட்டுத் தரம்.

வந்து
குடித்த போத்தலில் விரலை நனைத்து
இடச் சில்லுக்குள் உதறினான்.
ஸ்ஸென்று காணாமற் போனது.
வலச் சில்லுக்கும் உதறினான்.
துளி அப்படியே இருந்தது.
கொஞ்சம் உருண்டு, தூசியைப் பூசிக்கொண்டு,
ஒரு கவலையுமில்லாமல்.

"இழுக்கிறது வேலை செய்யிற சில்லு, டொக்டர்.
மற்றது சும்மா கூட ஓடுது."

என் இருக்கைக்கு நேர் கீழே, இத்தனை நாளும்.

காது சூடானது எனக்கு.
நேற்றுத்தான் வெல்லாவெளியில்
பூபாலப்பிள்ளையின் சிவலைப் பசு நொண்டுகிறதென்று
எல்லாரும் அது சாய்ந்து நின்ற காலைக் காட்ட,
நான் மற்றக் காலைத் தூக்கி
குளம்பின் பிளவுக்குள்ளிருந்து ஆணி எடுத்தேன்.
நோகிற காலில் மாடு பாரம் வைக்காது,
சாய்வது நல்ல காலில் என்று
அவர்களுக்கு விளக்கமும் சொல்லிவிட்டு
இந்தக் காரில் ஏறி
இடப்பக்கத்தைத் திட்டித் திட்டி வீடு வந்தேன்.

ஜாக்கி ஏறியது.
இடப் பேட் மாரி பிஸ்கட் தடிப்புக்கூட இல்லை.
வலப் பேட்டுக்கு வாங்கிய அன்றைய உடம்பு.
கலிப்பர் வழுக்கி ஓடவேண்டிய ஊசிகள் இரண்டும்
கருவாட்டுச் சாக்குக்குள் கிடந்ததுபோல் உப்புப் பூத்து
சுத்தியலுக்கும் அசையவில்லை.
இறுகிய பிஸ்டனை வெளியே தள்ள
என்னை மிதிக்கச் சொன்னான்.
"மெல்ல. இன்னும். இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!"
கன்று வரும்போது நான் போடுகிற குரல்.

"ஒத்தச் சில்லு மட்டும் எப்படி இப்படி?
எங்கால போறிங்க ஒவ்வொரு நாளும்?"

குறுமண்வெளியால.
பாதையில.

அவன் கையைத் துடைத்தபடி எழும்பி நின்றான்.

பாதையென்றால் எங்களுக்கு
வாவியைக் கடத்துகிற மிதவை.
மண்டூர்க் கரையில் அதன் இறங்குபலகை
வலப்பக்கம் ஒரு சாண் தாழ்வு.
இரண்டு வருடமாக, காலை ஏழரைக்கு,
என் கார் வலக்காலை உவர்த்தண்ணிக்குள் வைத்துத்தான்
படுவான்கரையில் ஏறுகிறது.
தெரியாமலில்லை.
சளக்கென்ற சத்தம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

புது ரப்பர், புது ஊசி, இரு பக்கமும் புதுப் பேட்.
குழாய்க்குள் நின்ற காற்றை எடுக்க
பன்னிரண்டு தரம் மிதித்தேன்.
பிறகு கடற்கரை வீதியில், ஆளில்லாத இடத்தில்,
இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டு
ஒரு மிதி.
கார் நேரே நின்றது.
தோள் மட்டும் வலப்பக்கம் வெட்டியது,
பழக்கத்தில்.

பலகையைத் திருத்தச் சொல்லி எழுதிய
மூன்றாவது கடிதம் கந்தோரில் இருக்கிறது.
பின் சீற்றில், ஊசிமருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில்,
ஐந்து லீற்றர் கானில் கிணற்றுத் தண்ணி.
மண்டூரில் இறங்கியதும்
வலச் சில்லுக்கு ஊற்றுகிறேன்.
பாதைக்காரன் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்கிறான்:
"என்ன டொக்டர், கால் கழுவுது?
கோயிலுக்குள்ள போகப்போகுதா?"

பின்னால் நெல்லு லொறி
ஹோர்ன் அடிக்கிறது.