ஆணிதான்

ஆணிதான்க்கா, என்று சொல்லிவிட்டுத்
தூங்கப் போய்விட்டான் லோகேந்திரன்.
ஜெலுத்தோங் பிளாட்டின் ஏழாம் மாடி நடையில்
பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
நாளை காலை ஷிப்டு எனக்கு.

டயரின் உள்வயிற்றை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன்.
ஆணி இல்லை. கண்ணாடிச் சில்லு இல்லை.
முள் முளைக்க இந்தத் தெருவில் மண்ணே இல்லை.

துணி ஊறவைக்கும் சிவப்பு பேசினில்
டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்குகிறேன்.
வால்வு பக்கம் அமைதி.
அரைச் சுற்று வரை அமைதி.
அப்புறம் மீன்குஞ்சு மூச்சுவிட்டதுபோல்
ஒரு குமிழிச் சரம்,
விரல்கடை தள்ளி
இன்னொன்று.

பாம்பு கொத்திய மாதிரி அருகருகே இரண்டு.

ஆணி ஓரிடத்தில்தான் குத்தும்.
காற்று குறைந்த சக்கரம்
பாரத்தோடு ஓரக்கல்லில் மோதி
ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கினால்தான்
இப்படிக் கடிபடும்.
இவன் ஐம்பத்திரண்டு கிலோ.
இவன் பாரம் மட்டும் இதற்குப் போதாது.

பால்பாயிண்டால் இரண்டையும் சேர்த்து வட்டமிட்டேன்.
ஈரம் துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன்.
உப்புத்தாள் தீர்ந்து எத்தனை நாளோ;
குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்து வந்தேன்.

பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும்.
நடுவில் ஓடும் அந்த மெல்லிய வார்ப்பு வரியையும்
மழிக்காமல் விட்டால்
அதன் ஓரமாகவே காற்று நழுவிவிடும்.
கறுப்பு, சாம்பல் நிறமாகிறது.
நகக்கண்ணெல்லாம் ரப்பர் மாவு.

தலைகீழாய் நிற்கும் சைக்கிளில்
இப்போதுதான் காரியரின் அடிப்பக்கம் தெரிகிறது:
நீல ராஃபியாக் கயிற்றில் நாலு முடிச்சு.
மேலே, நாலாய் மடித்து மெத்தென்று கட்டியிருப்பது
மூன்று வாரமாய் நான் தேடும் பாத்தேக் சாரோங்.
தன் சட்டையை மடிக்கத் தெரியாதவன்.

சின்ன ஒட்டு இரண்டு போட்டால்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேடு தட்டும்.
பெரிய ஒட்டு ஒன்றே போதும் இரண்டுக்கும்.
பசையை அதைவிட அகலமாய், மெல்லிசாய்ப் பூசினேன்.
இனிக் கை வைக்கக் கூடாது.
ஈரத்தில் ஒட்டினால் வழுக்கும்.
கீழே விரைவுச்சாலையில்
லோரிகள் பாலத்தைப் பார்த்துப் போகின்றன.
பசை மினுமினுக்கிறது, இன்னும் காயவில்லை.

குப்பைப் பையோடு வந்த சியூ லிங்
பேசினைச் சுற்றிக் கால் வைத்தாள்.
பஞ்சித்தா? என்றாள்.

ஆமாம், என்றேன்.
ஆணி.