தன்மை ஒருமை

என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது
என்பதுதான் அந்தக் கொப்பிக்கு நான் போட்டிருந்த பூட்டு.

வெண்ட்வர்த்வில் சனிக்கிழமைப் பள்ளியில்
மூன்று வருடமாய் அவள்
அணில் ஆடு இலையைத் தாண்டவில்லை என்றிருந்தேன்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
டூங்காபி ஸ்டேஷனில் இறங்கி வந்து
சப்பாத்துக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் எழுதுவேன்.
பாண் பைக்கும் மின்சார பில்லுக்கும் நடுவே
அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவேன்.
கத்தியை உயரத்தில் வைக்கிற நான்
அதை ஒளித்ததில்லை.

ஒக்டோபர். மேக்பை கொத்துகிற மாதம்.
ஹெல்மெட் முழுக்க பிளாஸ்டிக் பட்டிகளைக் குத்திக்கொண்டு
முள்ளம்பன்றி மாதிரி சைக்கிளோடு நின்ற அபிரா
நாடிக்குக் கீழே வாரைப் பூட்டாமல் கேட்டாள்:
"அம்மா, டோர்ச் பிடிச்சது நீங்களோ?"

எழுத்துக் கூட்டியிருக்கிறாள். டோ... ர்... ச்...
நாலு பக்கம். எத்தனை விடியல் ஆகியிருக்கும்!
விளங்காத சொற்களை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்
"மிஸ், மண்டியிடு என்றால் என்ன?"
மிஸ் சிரித்துக்கொண்டே
மண்டியிட்டுக் காட்டினாராம்.

அதில் வருவது இவ்வளவுதான்:
ஒரு பள்ளிக்கூட அறை. ஒரு பெடியன். கயிறு.
டோர்ச்சைப் பிடித்தேன்.
அவன் தண்ணீர் கேட்டான்.
நான் குடித்தேன்.

"அது கதையம்மா," என்றேன்.
"கதைக்குள்ள இருக்கிற ஆள்தான் சொல்லுது. நானில்லை."
அவள் தலையாட்டவில்லை.
போன சனிக்கிழமைதான் படித்தாளாம்:
'ஏன்' என்று முடிந்தால் தன்மை ஒருமை.
பிடித்தேன். பார்த்தேன். குடித்தேன்.
சொல்கிறவர் எவரோ அவரே செய்தவர்.
"ஆணா பெண்ணா என்றுகூட அதில இல்லை.
ஏன்?"

அந்த ஏனுக்கும் இந்த ஏனுக்கும் இடையில்
நேரமாகிவிட்டது. சைக்கிளில் ஏறினாள்.
ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி,
"மேக்பை குஞ்சுக்காகத்தான் கொத்துது என்று
பிரின்சிப்பல் கடிதத்தில போட்டிருக்கு.
அந்த ஆக்கள் எதுக்காக?"

தெரிந்திருந்தால் நாலு பக்கம் எதற்கு
என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அன்றிலிருந்து இரவில்
அவள் என்னிடம் தண்ணீர் கேட்பதில்லை.
ஸ்டூலை இழுக்கும் சத்தம், குழாயின் சத்தம்.
மீன் வெட்டும்போது வாசலில் நின்று பார்க்கிறாள்,
மீனையல்ல, என் கைகளை.
ரோட்டைக் கடக்கையில் கை தருகிறாள்தான்,
விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு.

அவளிடம் சொல்லாதது, கொப்பியிலும் இல்லாதது:
டோர்ச் பிடித்தது நானில்லை.
எங்கள் வீட்டு யன்னலுக்கு
அந்த அறையின் வெளிச்சம் தெரியும்.
எனக்குப் பதினேழு.
குரல் யாருடையதென்றும் தெரியும்.
யன்னலைச் சாத்தினேன்,
கொண்டி சத்தம் போடாமல்.
அதற்கும் அதே விகுதிதான்.
இத்தனை வருடத்தில் எழுத வராத ஒரே வினைச்சொல்.
அதை எழுத முடியாமல்தான்
டோர்ச்சை என் கையில் கொடுத்துக்கொண்டேன்.
வெட்கக்கேடு, அது எழுத லேசாக இருந்தது.

நேற்றிரவு எனக்கு வேலையில்லை.
பதினொரு மணிபோலப் பக்கத்து வீட்டில்
பாத்திரம் விழுந்தது. ஆண் குரல். பிறகு
குரலே இல்லாத ஏதோ ஒன்று
சுவரில் மோதுகிற சத்தம்.
புழுக்கம். குசினி யன்னல் அகலத் திறந்திருந்தது.
எழுந்து போனேன். எதற்குப் போனேன் என்று
இப்போதும் சத்தியமாய்ச் சொல்லத் தெரியவில்லை.
கை கொண்டியில் இருந்தது.

திரும்பினால் அபிரா.
ஸ்டூலின் மேல், கிளாஸ் நிரம்பி வழிய,
குழாயை மூட மறந்து
என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்,
ஒரு வசனத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்து
கடைசிச் சொல்லில் நிற்பவளைப்போல.