நாளைக்கு வாங்க

முதல் வருசப் பதிவேட்டில் பதினேழு பேர்.
அதில் இரண்டு கைநாட்டு.
பீடோங் தமிழ்ப்பள்ளி, மூன்றாம் வகுப்பறை,
முழங்கால் இடிக்கும் பெஞ்சுகள்.
'சமூக சேவைத் தலைவர் பயிற்சி' என்று
துணியில் எழுதியவர்
இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தைக்
கீழே தொங்கவிட்டிருந்தார்.
அதையே ஆறு வருசம் கட்டினோம்.

விடியலில் பால்வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு
கையில் ரப்பர் வாடையோடு வந்தவர்கள்
பிற்பகலில் கூட்டக்குறிப்பு எழுதப் பழகினார்கள்.
முன்மொழிபவர். வழிமொழிபவர்.
செங்கோடன் மண்டோர் மட்டும்
சாமி புறப்பாட்டுக்கு எழுவதுபோல்
எழுந்து நின்று வழிமொழிவார்.
சாவுச் சகாய நிதிக்கு ரசீது போடுவது,
குடித்துவிட்டு அடிப்பவன் வீட்டில் பேசப் போனால்
கதவுப் பக்கம் உட்கார்வது,
இப்படி.

அப்புறம் நாடகப் பயிற்சி.
ஒவ்வொரு வருசமும் நானே அதிகாரி.
சின்னக் கிராணி நான், டை என்னிடம்தான் இருந்தது.
பயிற்சித்தாளில் எனக்கு மூன்றே வசனம்:
என்ன வேணும்.
பத்திரம் எங்கே.
நாளைக்கு வாங்க.

எண்பத்து நான்கு, ஒன்பதாவது கூட்டம்.
எதிரில் வந்து உட்கார்ந்தாள் ஏழாங்கட்டை காத்தாயி.
பத்திரம் எங்கே என்றேன்.
இல்லை என்றாள்.
தாளில் 'வீட்டில் இருக்கிறது' என்று போட்டிருந்தது.
யாரோ சிரித்தார்கள்.
நான் என் மூன்றாவது வசனத்தைச் சொன்னேன்.

கூட்டம் சனிக்கிழமையோடு முடிந்தது.
ஞாயிறு காலை
பெஞ்சுகளைத் திருப்பிப் போடப் போனால்
வாசலில் காத்தாயி.
ஏழு கட்டையும் சைக்கிளில் வந்திருக்கிறாள்.
மைலோ டின்னுக்குள்
அம்மை குத்திய அட்டை ஒன்று,
நனைந்து காய்ந்த சம்பளச் சீட்டு மூன்று.
"நாளைக்கு வரச் சொன்னீங்களே."

நான் யாரென்று தெரியாதவள் அல்ல.
அந்தச் சீட்டு மூன்றிலும்
இருந்தது என் கையெழுத்து.

அலோர் ஸ்டார் பதிவு இலாகாவுக்குப்
பத்தொன்பது முறை போனோம்.
பஸ் காசைப் பயிற்சிச் செலவில் எழுதினேன்.
யாருக்குப் பயிற்சி என்று
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் கணக்காய்வாளர்.
எனக்கு, என்று எழுதி அனுப்பினேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பத்தாவது கூட்டத்தில்
பிரமுகர் உரையை எடுத்துவிட்டு
வாசலில் ஒரு மேசை போட்டோம்,
பத்திரம் இல்லாதவர்களுக்கு.
முப்பத்தொரு பேர்.
தலைவர்களாகப் பயிற்சிக்கு வந்தவர்களிலேயே நாலு பேர்.
அதில் ஒருவர் செங்கோடன் மண்டோர்.
இத்தனை வருசம் அவர் ஏன்
முன்மொழியாமல் வழிமொழிந்தே வந்தார் என்பதை
நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.
லயங்களை இடித்தார்கள்.
சுங்கைப் பட்டாணி அடுக்கு வீடுகளுக்குச் சனம் சிதறியது.
ஒரு வருசம் ஒன்பதே பேர்;
சமைத்த சோற்றைக் கோயிலுக்குக் கொடுத்தோம்.
நோய்க்காலத்தில் கைப்பேசியில் கூடினோம்,
முகங்களைவிடச் சீலிங்கு காற்றாடிகளே அதிகம் தெரிந்தன.

காத்தாயிக்கு நீல ஐசி வந்தது தொண்ணூற்று ஐந்தில்.
அடுத்த வருசம் முதல் அவள்தான் அதிகாரி.
டையைக் கேட்டாள்;
கரப்பான் அரித்துவிட்டது என்று சொன்னேன்.
டை இல்லாமலே உட்கார்ந்தாள்.

போன ஆகஸ்டு விடுமுறையிலும் அதே மூன்றாம் வகுப்பறை.
எதிரே, காதில் கடுக்கன் போட்ட பையன்,
தாமான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்.
தாளைப் பார்க்காமல்,
"பசியாறிட்டீங்களா தம்பி" என்றாள்.
அவனுக்கு அவன் வசனம் மறந்துபோனது.

தேநீர் இடைவேளையில் சொன்னேன்,
இந்தப் பயிற்சித்தாள் பழசு, மாற்றி எழுதலாம்,
அந்த மூன்றாவது வசனத்தையாவது
எடுத்துவிடலாம் என்று.

ரொட்டியை மைலோவில் நனைத்துக்கொண்டே
இருக்கட்டும் என்றாள்.
"வெளியே இன்னும் அதைத்தானே சொல்றாங்க."