இரண்டே கால்

ஊறுகாய் பாட்டிலுக்குள் ஆறு எஃகுத் தகடு,
ஒரு கரண்டி சோடா உப்பு,
பேட்டரியிலிருந்து ஒயர்.
அடுப்பில்லாமல் கொதிக்கிறது தண்ணீர்.
குழாய் வழியே ஆம்னியின் மூச்சுக்குள்
ஹைட்ரஜன், கொஞ்சம் மாங்காய் வாசத்தோடு.

‘லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும் பாரு’ என்றார் இவர்.
நோட்டும் பேனாவும் என் மடியில்.
கோத்தகிரியில் கேரட் ஏற்றி
மேட்டுப்பாளையம் இறங்கி
வெறும் வண்டியாய் ஏறினோம்.
கூடியது. இரண்டே கால்.
பெள்ளி ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ.

நேற்று, இவருக்குத் தெரியாமல்
ஒயரைக் கழற்றிவிட்டேன்.
அதே இரண்டே கால்.

பாட்டில் தளும்பிவிடுமென்று
குஞ்சப்பனை வளைவுகளில் இப்போதெல்லாம்
தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போவதுபோல் ஓட்டுகிறார்.
யாரையும் முந்தாமல், யாரையும் திட்டாமல்.

நோட்டில் எதுவும் எழுதவில்லை.
இரவு உறைபனியில் டார்ச்சோடு போய்
ஒயரைத் திரும்ப மாட்டினேன்.