வீடு இழுக்கும் நாள்

முப்பது நொடி.
அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.
முப்பத்தோராவதில் கழுத்தைப் பிடித்து
வெளியே தள்ளிவிடுவார்கள்.
விதிகளில் இருந்தது. படித்தேன்.
அப்போது என்னிடம் பன்னிரண்டு போன்கள்தான்.

இப்போது நானூற்றுப் பன்னிரண்டு.
சிலோயே தீவு, கெம்சிக் கரை,
சிப்பி தோண்டுகிறவர்கள் சங்கம்.
கடலில் நஞ்சு ஏறினால்
ஆய்வகம் எனக்குச் சொல்லும்,
நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்:
இன்று தோண்டாதே, தோண்டியதைத் தின்னாதே.
வேறெதுவும் செய்யாது என் நிரல்.
ஒரு தண்டோரா, அவ்வளவுதான்.

மார்ச் ஒன்பது, காலை ஆறேகால்.
நிரல் தூங்கிக்கொண்டிருந்தது.
கால் மணி நேரம் யாரும் கூப்பிடாவிட்டால்
தூங்க வைத்துவிடுவார்கள்,
இலவசத் திட்டத்தில் அப்படித்தான்.
எழுந்து, முகம் கழுவி,
பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் பதினோரு நொடி.
மிச்சத்தில் ஓடியது:
பாரியா, கார்கமோ, குயிச்சாபானே,
மில்லாலோன்கோ என்று தொடங்கி
'லோன்'னில் அறுந்தது.

அதற்குப் பின்னால்
நாவெல்கின்கள், ஓயார்சோக்கள், ரேமோல்கோய்கள்.
நூற்று ஐம்பத்தொரு பேர்
முழங்கால் தண்ணீரில், கூடையோடு.
ரேமோல்கோய் என்பது என் குடும்பப் பெயர்.
பலகையில் பச்சை விளக்கு எரிந்தது:
எல்லாம் நலம்.

வானொலி நிலையத்துக்கு ஓடினேன்.
எர்மெலிந்தா உருளைக்கிழங்கு விலை வாசித்துக்கொண்டிருந்தாள்.
மைக்கைப் பிடுங்கி
நாவெல்கினிலிருந்து படித்தேன்,
ஒவ்வொரு பெயராக, இரண்டு தடவை.
பதினாறு நிமிடம்.
யாரும் வெட்டவில்லை.

ஒருவர் மட்டும் ஆஸ்பத்திரி போனார். பிழைத்துவிட்டார்.
உதடு மரத்துப்போனதை
நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
நீங்கள் சொல்வது குறை அல்ல, வடிவமைப்பு.
இன்னொன்றும் கேட்டிருந்தேன்.
கரையிலிருந்து வரும் படங்களை வட்டில் வைக்கிறேன்,
விடிந்தால் காணோமே?
வட்டில் எழுதலாம் என்றார்கள்.
ஓதம் ஏறும்வரை மணலில்கூட எழுதலாம்.

சரி, காலி செய்கிறேன் என்று உட்கார்ந்தால்
கதவு கழன்றது, சன்னல் கழன்றது,
சுவர் வரவில்லை.
சுவர் என்று நான் எழுதியதெல்லாம்
அவர்கள் செங்கல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரிகள்.
வேறெங்கே போய்க் கூப்பிட்டாலும்
யாரது என்று கேட்கும்.

அந்த வாரம்தான் ஓயார்சோவின் வீட்டை இழுத்தோம்.
எங்கள் தீவில் அப்படி உண்டு.
பிடிக்காத கரையிலிருந்து பிடித்த கரைக்கு
வீட்டையே கொண்டுபோவது.
பதினெட்டு எருது, அறுபது ஆள், கூலி கிடையாது,
இரண்டு ஆடும் வேண்டிய அளவு ஆப்பிள் மதுவும் அவன் செலவு.
கூரை, படிக்கட்டு, ஆணியில் தொங்கிய வாணலி
எல்லாம் அப்படியே
தண்ணீரில் இறங்கி மிதந்து போனது.
மெத்தை நனைந்துவிட்டதென்று
வழியெல்லாம் திட்டிக்கொண்டே படகில் வந்தான்.

இழுக்கும் முன் நான் குனிந்து அடியில் பார்த்தேன்.
கட்டைகளின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது வீடு.
மண்ணோடு ஓர் ஆணி இல்லை.

எனக்கு ஐந்து வாரம் ஆனது.
சுவர் முழுக்க மறுபடி எழுதினேன்.
இப்போது நிரல் இருப்பது
வானொலி நிலையத்தின் கழிப்பறைக்குப் பக்கத்தில்,
பழைய கணினி ஒன்றில்.
காற்றடித்தால் மின்சாரம் போகும்,
மின்சாரம் போனால் எர்மெலிந்தா எனக்குப் போன் செய்வாள்,
நான் ஓடுவேன். அது வேறு கணக்கு.

ஓயார்சோவின் பூனை புதுக் கரையில் தங்கவில்லை.
எப்படித் திரும்பியதோ,
வீடிருந்த வெற்றிடத்தில்
அடுப்பிருந்த மூலையைக் கணித்துப் படுத்துக்கிடக்கிறது.

ஆறு பழைய போன்கள்
இன்னும் அந்த முகவரியைத் தட்டுகின்றன.
யாருடையவை என்று பட்டியலில் இல்லை.
தட்டும்போதெல்லாம் அங்கே
ஏதோ ஒன்று
எழுந்து முகம் கழுவுகிறது.