கட்டு

கட்டுவிரியன் நஞ்சைத்தான்
இங்கே விளக்காக ஏற்றுகிறோம்.
பாசல் நகரம், ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஐந்தாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
நஞ்சோடு சிவப்புச் சாயம் கோத்து
எலியின் உதரவிதானத்தில் ஒரு சொட்டு.
ஏற்பி எங்கிருந்தாலும் போய்க் கவ்வும், விடாது.
பெயரிலேயே கட்டு இருக்கிறது அதற்கு.

நரம்பு வந்து தசையைத் தொடும் இடம்
பேக்கரியில் தொங்கும் பிரெட்சல் மாதிரி
வளைந்து வளைந்து சிவக்கும்.
அந்த வளைவுக்குள்
ஒரு சதுர மைக்ரானில் பத்தாயிரம் ஏற்பிகள்,
தேர் வடத்தில் கைவைக்க இடமில்லாத நெரிசல்.
ஒரு மயிரிழை தள்ளினால்
இருட்டு. ஆள் நடமாட்டமே இல்லை.

யார் கூட்டியது இவ்வளவு பேரை?
நரம்பு அக்ரினை அனுப்புகிறது.
தசையின் சவ்வில் எல்ஆர்பி-நான்கு அதை வாங்கி
பக்கத்து மஸ்க்கின் கையைப் பற்றுகிறது.
மஸ்க் விழித்தால் உள்ளே சேதி பரவும்.
கடைசியில் ராப்சின்:
சவ்வுக்கு அடியில் நின்றபடி
ஏற்பியோடு ஏற்பியைப் பிணைத்து
நங்கூரம் போட்டு நிறுத்துகிறது.

ராப்சின் இல்லாத எலிக்குட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.
பிறந்தது, நீலமானது, மூச்சு வரவில்லை.
அறுத்துப் பார்த்தால்
தசை இருந்தது. நரம்பும் வந்து
வெகுதூரம் தேடி அலைந்திருந்தது.
ஏற்பிகளுக்கும் பஞ்சமில்லை.
எல்லாம் இருந்தன. ஒரே இடத்தில் இல்லை.

ஊர் விட்டு வந்தவர்களைச் சொல்கிறாள் என்று
நினைத்துக்கொள்ள வேண்டாம்.
எலியைத்தான் சொல்கிறேன்.

போன நவம்பரில்
ரொட்டி ஆறாவது கடியில் நின்றது.
தாடையைக் கையால் தாங்கி மென்றேன்.
தொலைபேசியில் என் குரல் மூக்கால் போனது,
சளி என்றான் தம்பி.
டாக்டர் ஷ்டுக்கி இமைமேல் பனிக்கட்டி வைத்தார்.
இமை ஏறவில்லை. இரத்தம் எடுத்தார்.
பன்னிரண்டு நாள் கழித்து முடிவு:
மஸ்க்குக்கு எதிரான ஆன்டிபாடி.

சிரித்துவிட்டேன். சிரிப்பும் பாதியில் தொங்கியது.
பதினோரு வருடமாக
குப்பி நானூறு பிராங்க் கொடுத்து வாங்கும் சரக்கை
என் இரத்தம் இலவசமாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.
அது எதையும் உடைப்பதில்லை.
பற்றப்போகும் இரண்டு கைகளுக்கு நடுவே
போய் நின்றுகொள்ளும். அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை.
என் சீரத்தில் ஒரு சொட்டு, மூன்றாம் தட்டில்.
மூடியில் தமிழில் எழுதினேன்: நான்.
ரேகுலா எட்டிப் பார்த்து
அழகான பூச்சி என்றாள்.

காலையில் எண்ணினேன்.
அக்ரின் மட்டும் விட்ட தட்டில் நூற்றுப் பதினெட்டுத் திரள்.
முகம் தெரியாத யாரோ ஒரு நலமானவரின் தட்டில் நூற்றுப் பன்னிரண்டு.
'நான்': நான்கு.
மற்றபடி மங்கிய சிவப்பு எங்கும்,
லாரி போனபின் அடங்காத புழுதி.

திரும்ப எண்ணினேன். ஐந்து.
ஓரத்தில் சின்னதாய் ஒன்று.
நோட்டில் ஐந்து என்றே எழுதினேன்.

மாலை படகில் ஆற்றைக் கடந்தேன்.
மோட்டார் கிடையாது. ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி,
கம்பியிலிருந்து படகுக்கு ஒரு கயிறு.
அடித்துப்போகிற தண்ணீரே
அக்கரைக்குத் தள்ளும்.
கழுத்துக்குத் தலை கனத்தது.
மோவாயை உள்ளங்கையில் ஊன்றி
அந்தக் கயிற்றையே பார்த்திருந்தேன்.
தூங்குகிறேன் என்று நினைத்த படகுக்காரர்
கரை வந்ததும்
மணியை மெல்ல, ஒரே தரம், தட்டினார்.